பொதிந்து வைத்த உதவி நூல்

(பழைய மாணவரும் மலையகத்துத் தமிழாசிரியருமாகிய ஒருவர் எழுதியது)

நம் கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். தமிழாசிரியன் ஒருவனிடம் அவர்கள் எதிர்பார்த்தது சங்க இலக்கியம் பற்றியோ திருமுறை பற்றியோ அமைந்த ஒரு கட்டுரையாகவே இருந்திருக்கும். அவ்விரண்டிலும் எனக்குள்ள பற்றுக் குறைந்துவிடவில்லை. ஆயினும் இம்முறை கணினி நிரல்களோடு வரும் உதவி நூலைப் பற்றி எழுதத் துணிந்தேன். உதவி நூல் சுருக்கிப் பொதியப்பட்டிருப்பின், அதனை நிரல் தானே அவிழ்த்துக் காட்டல் வேண்டும் என்பதே யான் சொல்ல வந்தது. பொருள் சிறிதென்று எண்ணற்க. எம் பாடசாலையில் நிகழ்ந்த ஒன்றைக் கேட்டபின் அன்பர்கள் தீர்ப்புக் கூறுவார்களாக.

யான் கற்பிப்பது அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் பாடசாலையில். அங்கே அன்பளிப்பாகக் கிடைத்த பழைய கணினிகள் சில உண்டு. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் தாயார் நாடோறும் பறித்த கொழுந்தின் எடையை அப்பியாசக் கொப்பி ஒன்றிற் குறித்து வந்தாள். தோட்டத்து வழக்கில் ஒரு நாட் கூலியைப் 'பேர்' என்பர். குறித்த கிலோ நிரம்பினால் முழுப் பேர். நிரம்பாவிடின் அரைப் பேர். மாத முடிவில் அவ்வெண்களையெல்லாம் அவள் விரிதாளிற் பதித்தாள். எத்தனை நாள் முழுப் பேருக்குரிய எடை நிரம்பிற்று என்பதைக் கணினியே எண்ணித் தரல் வேண்டும் என்பது அவள் விருப்பம். நிபந்தனைக்கு அமைந்தவற்றை மட்டும் எண்ணும் கட்டளை விரிதாளில் உண்டு என்பதை இருவரும் கேள்விப்பட்டிருந்தோம். அதனை எழுதும் முறை அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

உதவிக்குரிய எஃப் 1 விசையை அவள் அழுத்தினாள். நிரல் இணையத்தை நாடிற்று. மலையிலோ அன்று பெருமழை, இணையம் இல்லை. அந்நிரலின் உதவி நூல் முழுவதையும் நண்பர் ஒருவர் முன்னொரு நாள் பென்டிரைவிற் கொணர்ந்து கணினியில் ஏற்றித் தந்தது அப்போது நினைவுக்கு வந்தது. தேடினோம், பக்கங்கள் எல்லாம் இருந்தன. இடத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு ஒவ்வொரு பக்கத்தையும் அவர் சுருக்கிப் பொதிந்திருந்தார். நிரலோ, 'பக்கம் காணப்படவில்லை' என்று கைவிரித்தது. பொதிந்த கோப்பின் பெயருக்குப் பின்னே 'ஜீ', 'இஸட்' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் வாலாக ஒட்டியிருந்தமையே காரணம். வால் இல்லாத பெயரை நிரல் தேடிற்று. வாலோடு நின்றதை அஃது அடையாளங் காணவில்லை.

"புத்தகம் உள்ளுக்குத்தான் இருக்கு சேர், இது இல்லேன்னு சொல்லுதே!" என்றாள் மாணவி.

பொதிகளை நாங்களே ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினோம். வட்டில் இடம் போதவில்லை. பழைய கோப்புகள் சிலவற்றை நீக்க நேர்ந்தது. இரண்டு மாலைகள் கழிந்தன. பக்கம் திறந்தபின், ஆங்கிலத்தில் இருந்த அதனை அகராதியும் கையுமாகப் படித்து அக்கட்டளையைக் கற்றுக்கொள்ள அரை மணி நேரமே பிடித்தது. சம்பளச் சீட்டிற் கண்ட கணக்கும் அவள் கணக்கும் ஒத்திருந்தன. ஒத்திருந்தமை மகிழ்ச்சி. தாயின் உழைப்பைத் தன் கையாற் கணக்கிட்டுச் சரிபார்க்க முடிந்தமை அதனினும் பெரிய மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியை இரண்டு நாள் தடுத்து நின்றது இரண்டெழுத்து வால் ஒன்றே.

உதவி நூலைச் சுருக்கிப் பொதிதல் புதிய வழக்கம் அன்று. யூனிக்ஸ் என்னும் இயக்கு தளத்தின் கைந்நூல் 1971 ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தது. அந்தக் காலந் தொட்டு, கணினியைப் பற்றிய விளக்கத்தைக் கணினியிலேயே வைத்திருக்கும் நன்மரபு வளர்ந்து வந்துள்ளது. 1992 இல் ஜோன் லூப் கெய்லி, மார்க் அட்லர் ஆகிய இருவரும் 'ஜீஸிப்' என்னும் சுருக்கு கருவியை யாவர்க்கும் இலவசமாக வழங்கினர். டெபியன் என்னும் இயக்கு தளத்தைத் தொகுப்போர், கைந்நூற் பக்கங்களை அக்கருவியாற் சுருக்கியே நிறுவுதல் வேண்டும் என்று விதியே வகுத்துள்ளனர். அவ்வாறு சுருக்கும்போது, எழுத்தால் அமைந்த கோப்பு பொதுவாக நூற்றுக்கு 60 முதல் 70 பங்கு வரை குறையும் என்பது அக்கருவியின் கைந்நூல் தரும் கணக்கு.

சுருக்கும் முறையின் அடிப்படையை 1977 இல் வெளியிட்டவர்கள் ஆபிரகாம் லெம்பல், ஜேக்கப் ஸிவ் என்னும் இரு அறிஞர். அஃது யாதெனின், நம் கீர்த்தனைப் புத்தகங்களில் உள்ள முறையேயாம். பல்லவியை முதலில் முழுதாக அச்சிடுவர். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் அதன் முதற் சொல்லை மட்டும் இட்டு நிறுத்துவர். பாடுவோன் அந்தக் குறிப்பைக் கண்டதும் முழுப் பல்லவியையும் பாடுகின்றான். கணினியும் அவ்வாறே, முன்னர் வந்த தொடர் மீண்டும் வருமிடத்து அதனைத் திரும்ப எழுதாது, 'இத்தனை எழுத்துப் பின்னே சென்று, இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்' என்று குறித்து வைக்கின்றது.

இவ்விடத்து ஓர் ஐயம் எழலாம். சுருக்கினாற் பொருள் குறையாதா? தொழிற்சாலையில் வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, காயவைத்த தேயிலை மீண்டும் பச்சைக் கொழுந்தாக மாட்டாது. கோப்பைச் சுருக்குதல் அத்தகையதன்று. அவிழ்த்தபோது எழுத்துக்கு எழுத்து, புள்ளிக்குப் புள்ளி, முன்னிருந்தவாறே அது மீளும். இதற்குச் சரியான உவமை வேண்டுமாயின் நம் இலக்கணத்திலேயே உண்டு. 'பாற்குடம்' என்கிறோம். பாலைக் கொண்ட குடம் என்பது அதன் விரி. 'ஐ' உருபும் 'கொண்ட' என்னும் சொல்லும் அங்கே மறைந்து நிற்கின்றன, அழிந்து போகவில்லை. 'ஊறுகாய்' என்னும் வினைத்தொகையில் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலமும் அடங்கிக் கிடக்கின்றன. மொழி அறிந்தவன் நெஞ்சில் தொகை தானே விரிகின்றது. கடைக்காரரிடம் ஊறுகாய் கேட்கச் சென்றவனை, 'முதலில் அதனை விரித்து எழுதி வா. பின்னர்த் தருகிறேன்' என்று அவர் திருப்பி அனுப்புவதுண்டோ?

எம் மாணவிக்கு நிரல் செய்தது அதுவே. தொகையை விரிக்க வேண்டிய கடமை கேட்போன் தலையில் அன்று, உதவி நூலைக் காட்டும் நிரலின் தலையிலேயே விழ வேண்டியது. நூலுக்குரிய அழகுகள் பத்தை எண்ணப் புகுந்த பவணந்தி முனிவர், சுருக்கத்தை முதலாவதாகவும் தெளிவை இரண்டாவதாகவும் வைத்தார். முதல் அழகை மட்டும் பெற்று இரண்டாவதை இழந்த உதவி நூல், பூட்டிய அலுமாரியில் உள்ள புத்தகத்தை ஒக்கும்.

சுருக்கிப் பொதிதலால் எல்லா மொழிக்கும் பயன் உண்டாயினும், தமிழுக்கு அதனால் வரும் பயன் பெரிது. 1992 இல் கென் தொம்சன், ரொப் பைக் ஆகிய இருவரும் வகுத்த யூ.டி.எஃப். 8 என்னும் குறியீட்டு முறையே இற்றைநாள் உலகெங்கும் வழங்குகின்றது. அம்முறையில் ஆங்கில எழுத்தொன்றுக்கு 1 பைட் போதும். தமிழ்க் குறியொன்றுக்கு 3 பைட் வேண்டும். 'தமிழ்' என்னும் சொல் கணினியின் கணக்கில் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என 5 குறிகளாம்; ஆகவே 15 பைட். அதே சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைட்டே ஆகும். தமிழ் உதவி நூல் ஒன்று அளவாற் பெருத்துக் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்த 3 பைட்டுகளை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். முதற் பைட் எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றே. இரண்டாவது பைட் இரண்டே வகை. குறிக்குக் குறி வேறுபடுவது பெரும்பாலும் மூன்றாவது பைட்டே. திரும்பத் திரும்ப வருவதைக் களைவதே சுருக்கு கருவியின் தொழிலாதலால், தமிழுக்கு வந்த இப்பளுவின் பெரும்பகுதியை அக்கருவி இறக்கி வைக்கின்றது. ஆகவே, பொதிந்த நூலைத் திறக்கத் தெரியாத நிரல் எல்லார்க்கும் குறையே எனினும், தமிழ் படிப்போர்க்கு அக்குறை மும்மடங்கு கனக்கும்.

'இவையெல்லாம் எதற்கு? உதவி நூலை இணையத்தில் வைத்துவிட்டாற் போதாதா?' என்று கொழும்பிலும் கடல் கடந்தும் வாழும் பழைய மாணவ அன்பர் சிலர் கேட்கக்கூடும். அவர்கள் தாம் பிறந்த மலையைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணைய வழி நடந்தன. அந்நாளில் அலைவரிசை தேடி மேட்டிலும் மரத்திலும் ஏறிய பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் ஏற்பட்டு வீதிகள் துண்டிக்கப்பட்டன. மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் இல்லாது போயின. பேரிடர் இல்லாத நாளிலும், ஒரு தொலைபேசியின் தரவு அட்டையை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் லயக் காம்பிராக்கள் உள. அத்தகைய வீட்டில், ஒரு கட்டளையின் பொருளை அறிவதற்கும் இணையத்துக்குக் காசு கட்டுக என்பது நீதியாகாது. உதவி நூல் கணினிக்குள்ளேயே இருத்தல் வேண்டும். பழைய கணினியின் சிறிய வட்டில் அஃது அடங்க வேண்டுமாயின் சுருங்கியே இருத்தல் வேண்டும்.

இனி, நிரல் செய்ய வேண்டியது யாது? செயல் எளிதே. கேட்ட பெயரில் பக்கம் கிடைக்கவில்லையெனின், அதே பெயரை வாலோடு சேர்த்து மீண்டும் ஒருமுறை தேடுக. கிடைத்தால் நினைவகத்திலே அவிழ்த்துக் காட்டுக. வட்டில் எதனையும் எழுதற்க. குனூ இமாக்ஸ் என்னும் நிரலின் உதவி நூற் பகுதி நெடுங்காலமாக இதனைச் செய்து வருகின்றது. பெயரை மட்டும் தேடி நின்றுவிடாது, சுருக்கு வகைகள் பலவற்றின் வால்களையும் வரிசையாகச் சேர்த்துப் பார்க்கின்றது. படிப்பவர் தாம் படிப்பது பொதிந்த கோப்பு என்பதையே அறியார்.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? நாம் நாடோறும் எழுதும் கடிதக் கோப்பே பொதிந்த கோப்புத்தான். வேர்டு நிரல் 2007 ஆம் ஆண்டுப் பதிப்பு முதலாக எழுதும் ஆவணமும், லிப்ரே ஒபிஸ் எழுதும் ஆவணமும் உள்ளே ஸிப் முறையிற் கட்டிய பொதிகளே. ஆவணத்தைத் திறக்கும்போது 'முதலில் அவிழ்த்து வா' என்று எந்த நிரலும் நம்மைப் பணிப்பதில்லை. நாம் எழுதியதற்குக் காட்டும் இந்த மரியாதையை நமக்காக எழுதப்பட்ட உதவி நூலுக்கும் காட்டினால் என்ன?

பெரிய நூலுக்கும் இது பொருந்தும். 2007 இல் தொடங்கிய கிவிக்ஸ் என்னும் திட்டம், விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே பொதியாகக் கட்டி, இணையம் இல்லாத இடத்திலும் படிக்கத் தருகின்றது. பொதி முழுவதையும் அவிழ்த்தால் நேரமும் இடமும் வீணாகுமன்றோ? ஆதலின் நூலைப் பல கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டையும் தனித்தனியே சுருக்கி, எக்கட்டில் எப்பக்கம் உளதென ஓர் அட்டவணையும் சேர்த்துள்ளனர். கேட்ட கட்டு மட்டுமே அவிழும். 2003 இல் தொடங்கி, ஓர் இலட்சம் கட்டுரைகளைத் தாண்டி வளர்ந்துள்ள தமிழ் விக்கிப்பீடியாவையும் இம்முறையிற் பென்டிரைவ் ஒன்றில் இட்டு மலையேற்றி வர இயலும். அந்த விக்கிப்பீடியாவை வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையான இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர் என்பது நாம் பெருமையோடு நினைக்கத் தக்கது.

எதிர்ப்பக்கத்து நியாயங்களையும் ஆராய்தல் அறம். 'வட்டு மலிந்துவிட்டது, சுருக்கும் தேவை தீர்ந்தது' என்பர் சிலர். வட்டு மலிந்தது வாங்குவோர்க்கு. தானமாகப் பெறும் பாடசாலைக்குக் கிடைப்பது பிறர் கழித்த பழைய கணினியே. 'பொதிந்த கோப்பு வழியே தீமை புகும்' என்பர் வேறு சிலர். இதில் உண்மை உண்டு. வின்டோஸ் தளத்தில் 1997 முதல் வழங்கிய சீ.எச்.எம். என்னும் பொதிந்த உதவி நூலின் வழியே தீய நிரல் புகக்கூடும் எனக் கண்டு, வேற்றிடத்திலிருந்து வரும் அத்தகைய கோப்புகளுக்கு 2005 இற் கட்டுப்பாடு விதித்தனர். சிறிய பொதியாகத் தோன்றி, அவிழ்க்குங்கால் அளவிறந்து பெருகிக் கணினியை முடக்கும் வஞ்சகக் கோப்புகளும் உள. ஆயினும் இவற்றுக்குப் பரிகாரம் உண்டு. உதவி நூலில் எழுத்தும் படமும் போதும், இயங்கும் கட்டளைகள் வேண்டா. அவிழும் அளவுக்கு ஓர் எல்லை வகுத்தல் வேண்டும். கள்வனுக்கு அஞ்சிக் கதவுக்குத் தாழிடுவதே முறை. வீட்டுக்காரன் நுழைய வாயிலே இல்லாமற் சுவரெழுப்புவது முறையன்று.

மூன்றாவது எச்சரிக்கை ஒன்றை யானே சேர்க்கிறேன். பொதியும் முறை உலகறிந்ததாக இருத்தல் வேண்டும். 1990 இல் வின்டோஸ் 3.0 உடன் வந்த உதவிக் கோப்பு வகையைத் திறக்கும் நிரல், 2007 இல் விற்பனைக்கு வந்த விஸ்டா முதலாக உடன் வருவதில்லை. அக்கால உதவி நூல்கள் இன்று பலருக்குத் திறவா நூல்களாயின. ஜீஸிப்பின் முறையோ 1996 இல் எழுத்தில் வெளியிடப்பட்டு, எவரும் செய்துகொள்ளத் தக்கதாக உள்ளது. திறவுகோல் ஒருவர் கையில் மட்டும் இருக்கும் பெட்டியில் ஊராரின் நூலை வைத்தல் தகாது.

ஆகவே, விழாக் கொண்டாடும் நம் சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, நிரல் எழுதும் பழைய மாணவ அன்பர்களுக்கு: நீவிர் எழுதும் நிரலிலும், மூலம் திறந்த நிரல்களில் நீவிர் திருத்தம் செய்யும் இடத்திலும், உதவி நூற் பகுதி பொதிந்த கோப்பையும் தேடித் திறக்குமாறு செய்யுங்கள். உங்களுக்கு அது சில வரி. எம் பிள்ளைகளுக்கு அது திறந்த கதவு.

இரண்டாவது, பாடசாலைகளுக்குக் கணினி வழங்கும் அன்பர்களுக்கு: கணினியைக் கையளிக்கு முன், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு எஃப் 1 விசையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உதவி நூல் திறந்தால் உங்கள் தானம் நிறைவு பெற்றது. திறவாதாயின், பொன்னாடையும் மாலையும் சற்றே காத்திருக்கட்டும்.

மூன்றாவது, ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்: உதவி நூலைத் தமிழாக்கும் பணியில் இறங்குவோம். எம் மாணவி அகராதியோடு போராடிய அரை மணி நேரம் இனி வருவோர்க்கு வேண்டா. கணினி அறிந்த மாணவனும் மொழி அறிந்த ஆசிரியனும் கூடி அமர்ந்தால், வாரம் ஒரு பக்கமேனும் தமிழாகும். எழுத்துப் பெருகுமே என்று அஞ்ச வேண்டா. பெருகுவதைச் சுருக்கவும் சுருக்கியதை விரிக்கவும் வழி உண்டு என்பதை மேலே கண்டோம்.

நவராத்திரி நாட்களில் நம் கல்லூரி மண்டபத்திற் புத்தகங்களைப் பட்டுத் துணியிற் பொதிந்து கலைமகள் திருமுன் வைத்து வணங்கியதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விசயதசமி காலையில் அந்தப் பொதியை அவிழ்த்து, ஒரு பக்கமேனும் படித்த பின்பே வீடு திரும்பினோம். அவிழ்க்கும் நாள் ஒன்று உண்டு என்பதனாலேயே பொதிந்து வைப்பது பூசையாயிற்று. கணினியிற் பொதிந்து வைத்த உதவி நூலுக்கும் அந்த விசயதசமி வாய்க்கட்டும். விசையை அழுத்திய எந்த மலையகப் பிள்ளைக்கும் 'பக்கம் காணப்படவில்லை' என்னும் சொல் இனி விடையாக வாராதிருக்கட்டும்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க!